காய்ச்சுகிற கை குடிக்காது

தாழியின் மூடியைத் திறந்த எவரிஸ்தோ, உள்ளே தம் முகத்தைக் கண்டார்.

கண்டதும் அந்த முகம் வெளிறிற்று. ஒன்பது நாள் ஊறி, ஒன்பது அந்தியும் கொதித்த சர்சபரில்லாவில் முகம் தெரியாது. அமாவாசை வானத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் அது கறுத்து, கனத்து, அசையாமல் கிடக்கும். இன்றோ தாழியின் அடிவரை ஒளி இறங்கியது. மீசையில் எத்தனை நரை என்பதைக்கூடக் காட்டித் தரும் தெளிந்த கிணற்று நீர். அதன்மேல் கப்பல்போல் மிதந்தது ஓர் எலுமிச்சை இலை.

"கசில்டா!"

"ஏங்க, திருநாளும் அதுவுமா இப்படிக் கத்துறீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க நான் உங்களை அடிக்கிறேன்னு நினைக்கப் போறாங்க."

"இதுல இருந்தது எங்க?"

"எது, அந்தக் கழுவு தண்ணியா? விடியக்காலையிலேயே கொட்டிட்டேன். தாழியைச் சாம்பல் போட்டு மூணு தரம் தேய்ச்சேன். அப்பவும் வாடை போகல. அதான் எலுமிச்சை இலை போட்டு வச்சிருக்கேன்."

"எங்க கொட்டின?"

"கொல்லையில, எறும்புப் புத்து மேல. நல்ல மருந்துங்க அது! எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் குடி போயிருச்சு."

எவரிஸ்தோ தாழியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தரையில் அமர்ந்தார்.

கசில்டாவின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஐம்பது வயதுவரை மணமின்றி இருந்த எவரிஸ்தோவைச் சித்திரையில்தான் அவள் கைப்பிடித்தாள். கடலோர ஊர்க்காரி, மீன் தெரியும், வலை தெரியும், மொந்தராஸ் மலையூரின் வழக்கம் தெரியாது. விண்ணேற்பு மாதா திருநாளை அவள் இங்கே காண்பது இதுவே முதல் முறை.

முள் என்றொரு சொல்லும் சிறு கொடி என்றொரு சொல்லும் கூடி அமைந்தது சர்சபரில்லா என்னும் பெயர். நன்னாரியைப் போலவே வேரில் குணத்தை வைத்திருக்கும் மலைக்கொடி. அவ்வேரையும், இன்னவை என்று வெளியே சொல்லாத மூன்று தழைகளையும் நவநாள் முழுதும் ஊறவைத்து, மாலைதோறும் ஜெபமாலை சொல்லிக் காய்ச்சுவது எவரிஸ்தோவின் பாட்டனார் தொடங்கிய தொண்டு. மலைக்கோயிலுக்கு ஏறிய சப்பரம் நண்பகலில் இறங்கி வருகையில், சதுக்கத்து மூலையிலிருந்த அவர்தம் கடையின் முன் நிற்கும். மாதா சபைத் தலைவர் முதல் டம்ளரைக் குடிப்பார். பின்பு ஊர் குடிக்கும். விலை கிடையாது. அதற்கு ஈடாக அந்த நிழல் மூலையில் ஆண்டு முழுதும் கடை நடத்தும் உரிமை. முதலில் குடித்த தலைவர் தம் டம்ளரைப் பலகையில் கவிழ்த்து வைத்து, "அடுத்த வருஷமும் எவரிஸ்தோவே" என்று சொல்லவேண்டும், அவ்வளவே பத்திரம். டம்ளர் கவிழாவிட்டால் மூலை போயிற்று. எதிர்ச்சாரியில் காப்பிக்கடை வைத்திருக்கும் பல்தொமேரோ, மின்சாரக் குளிர்ப்பெட்டியும் கோடு போட்ட குடைகளுமாய், அந்த மூலைக்காக ஏழு வருடம் காத்திருந்தார்.

"ஊரே வரிசையில நிக்கும்னு சொல்லித்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்றார் எவரிஸ்தோ, தரையில் அமர்ந்தபடியே.

"ஆமா, சொன்னீங்க. குடிச்சிட்டு அழுவாங்கன்னும் சொன்னீங்க."

"பொய்யா சொன்னேன்? குடிக்கிறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவாங்க. கண்ணை மூடிக்குவாங்க. ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு ஒரே மடக்குல இறக்குவாங்க. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, உதட்டை இறுக்கி மூடி, ருசியை வெளியே விடாம கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாங்க. கண்ணுல தாரை தாரையா வரும். நாப்பது வருஷமா பாக்குறேன்."

"நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"காய்ச்சுற கை குடிக்கக் கூடாது. எங்க தாத்தா போட்ட விதி. அப்பாவும் குடிச்சதில்ல."

"கெட்டிக்காரத் தாத்தா" என்றாள் கசில்டா.

கோயில் மணி ஏழடித்தது. நண்பகலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. ஒன்பது நாளைத் திரும்பக் கொணர மாதாவாலும் ஆகாது. ஆனால் வேரைக் கொணரலாம். எவரிஸ்தோ திருநாளுக்கென்று தேய்த்து வைத்த கறுப்புக் கால்சட்டையோடு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊருக்குப் பின்னுள்ள பள்ளத்துக்கு ஓடினார்.

சர்சபரில்லா என்ற பெயரில் முள் முன்னே நிற்பது தற்செயலன்று. பறிக்கச் செல்கிறவனுக்கு முதலில் வாய்ப்பது அதுதான். கோடையில் பாறையாய் இறுகிய மண்ணோடு அரை மணி நேரம் போராடி, இரண்டு கை கொள்ளும் அளவு கொடியை வேரோடு பெயர்த்தெடுத்தபோது, கால்சட்டையின் பின்புறத்தைப் புதர் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால், எதிரே ஊர்க் காவலர்.

"என்ன எவரிஸ்தோ, மாதா திருநாளன்னிக்கு மண்வெட்டியா?"

திருநாளில் மண்வெட்டி பிடித்தால் பாவம் மட்டுமன்று, சட்டப்படி குற்றமும்கூட. உண்மையைச் சொன்னால் தாழி காலியென்ற செய்தி சப்பரத்துக்கு முன்னே மலையேறிவிடும். எவரிஸ்தோவின் நாக்கு தானாகவே ஒரு வழியைக் கண்டது.

"சப்பரத்துக்குத் தோரணம் கட்டத்தான் ஐயா. மாதாவுக்கு."

"வேரோடயா?"

"வேரோட கட்டினா வாடாது."

காவலர் தொப்பியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியது. "எங்கம்மா இருந்திருந்தா இதைப் பாத்துச் சந்தோஷப்பட்டிருப்பா. குடுங்க இங்க. நீங்க கிழிஞ்ச கால்சட்டையோட கோயிலுக்குப் போகவேணாம். நானே கொண்டுபோய்க் கட்டிடறேன்."

"இல்ல ஐயா, நான்…"

"குடுங்கன்னா! மண்வெட்டியும் வரட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்குங்க. மாதா மன்னிச்சாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

கொடியும் மண்வெட்டியும் ஊர்க் கோயிலை நோக்கி நடந்தன. எவரிஸ்தோ ஒரு கையால் பின்புறத்தை மூடிக்கொண்டு அவற்றின் பின்னே நடந்தார்.

அவர் கோயில் வாயிலை அடைந்தபோது சப்பரம் புறப்பட ஆயத்தமாய் நின்றது. தோள் கொடுக்கும் பன்னிரண்டு ஆண்களின் கழுத்துக்கு நேராக, நல்ல நெருக்கமாக, காவலர் தாமே முள்கொடியைச் சுற்றியிருந்தார். மாதாவின் திருவடிக்குக் கீழே எவரிஸ்தோவின் வேர்கள் மண்ணுதிர ஆடிக்கொண்டிருந்தன. இன்னும் சற்று நேரத்தில் அவை மலையேறிவிடும்.

அவர் பேனாக்கத்தியை எடுத்தார். கும்பிடுகிறவர்போல் குனிந்து, மெல்ல ஒரு வேரை அறுத்தார்.

"ஏடி, பாருங்கடி! எவரிஸ்தோ அருளிக்கம் எடுக்கிறாரு!" என்றது ஒரு பெண்குரல்.

மாதாவின் மேல் பட்ட பொருள் வீட்டிலிருந்தால் இடி விழாது, பால் திரியாது, மாமியார் வரமாட்டாள் என்பது மொந்தராஸ் பெண்களின் நம்பிக்கை. அடுத்த கணம் கறுப்பு முக்காடுகள் எல்லாம் சப்பரத்தின் மேல் கவிந்தன.

"எனக்கொரு துண்டு!"

"தள்ளுடி, எனக்கு மூணு பொண்ணு கட்டிக்குடுக்க இருக்கு!"

"வேரை விடுங்க, வேரை விடுங்க!" என்று கதறினார் எவரிஸ்தோ. வேரில்தான் அருள் அதிகம் என்று அவர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். இரண்டு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரத்துக்குள் வேர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. முள் மட்டும் முறையாக எஞ்சியது.

பங்குச் சாமியார் தோன் மத்தியாஸ் வெளியே வந்தார். மெலிந்த உடல், நெருப்புக் கண், வெயிலிலும் கம்பளி அங்கி. முட்களை விரலால் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"எவரிஸ்தோ, இது உன் யோசனையாமே?"

"அது… சாமி…"

"அருமை! தோள் கொடுக்கிறவங்களுக்கு இந்த வருஷம் கூடுதல் பலன். எனக்கே தோணல பாரு. உங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த ஊரோட ஆத்துமத்துக்கு உழைக்கிற குடும்பம்யா உங்களுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்தியானத்துக்கு எல்லாம் தயார்தானே? இந்த வருஷம் நிறைய ஊத்தவேண்டியிருக்கும். ஊரு அப்படி இருக்கு."

"தயார் சாமி" என்றார் எவரிஸ்தோ. அன்று அவர் சொன்ன இரண்டாவது பொய், அதுவும் சாமியாரிடம்.

வீடு திரும்புகையில் அவர் கையில் இருந்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வேர். அதை நாற்பது படி நீரில் இட்டு அடுப்பை மூட்டினார். ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் அந்நீர், தன்னுள் ஏதேனும் விழுந்ததா என்று அறியாதிருந்தது.

அப்போதுதான் வீட்டில் கசில்டா இல்லை என்பதை உணர்ந்தார். சிறிது நேரத்தில் அவள் பெரிய கூடையோடு வந்தாள். பின்னே ஒரு கைவண்டியில் கோணி சுற்றிய பனிக்கட்டிப் பாளம்.

"கொட்டினது நான்தானே. அதான் நானே சரிபண்ணலாம்னு போனேன்" என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். வெள்ளைச் சர்க்கரை ஒரு மூட்டை. இலவங்கப்பட்டை. எலுமிச்சம்பழம். ஆரஞ்சுத் தோல். நகரத்து ஆலையில் செய்த சர்சபரில்லாப் பாகு, பொன்னெழுத்துச் சீட்டு ஒட்டிய ஆறு புட்டிகள்.

எவரிஸ்தோ ஒரு புட்டியைத் தூக்கிச் சீட்டைப் படித்தார். "திருநாளன்னிக்கு எல்லாக் கடையும் அடைச்சிருக்குமே. யார் குடுத்தா?"

"எதிர்ச்சாரியில காப்பிக்கடைக்காரர். தங்கமான மனுஷங்க."

"பல்தொமேரோவா? அவன்கிட்ட என்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன். தாழியைக் கழுவினது, எறும்பு, எல்லாம். பாவம், கண்ணீர் விட்டாரு. முதல்ல அழுறாருன்னு நினைச்சேன். சிரிச்சுத்தான் வந்துதுன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஆனா ஒரு வார்த்தை தப்பா பேசல. காசும் வாங்க மாட்டேன்னுட்டாரு. 'சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்லுங்கம்மா, தயங்கவே வேணாம். இனிப்பு எவ்வளவு ஏறுதோ அவ்வளவு நல்லது'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. குடிக்கும்போது தானும் வந்து பக்கத்துல நிக்கிறாராம்."

"நிப்பான், நிப்பான். ஏன் நிக்க மாட்டான்? ஊருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கத்தான் நிப்பான். 'இது எவரிஸ்தோ காய்ச்சினதில்ல, என் கடைச் சரக்கு'ன்னு சொல்லப் போறான்."

"அப்ப இதையெல்லாம் திருப்பிக் குடுத்துடலாமா?"

எவரிஸ்தோ அடுப்பைப் பார்த்தார். வெந்நீர் வெந்நீராகவே இருந்தது. மலைமேலிருந்து பூசை முடிந்த வெடிச்சத்தம் கேட்டது.

"புட்டியைத் திற" என்றார்.

பாகு தாழியில் இறங்கியது. நிறம் ஏறவில்லை, தேன் நிறத்திலேயே நின்றது. கறுப்பாக வேண்டுமே என்று எவரிஸ்தோ சர்க்கரையைக் கருகக் கருகக் காய்ச்சி ஊற்றினார். கறுத்தது, அதோடு மணமும் மாறிற்று. கருகல் வாடையென்று யாரேனும் கண்டுகொள்வார்களோ என்று இலவங்கப்பட்டை இட்டார். பட்டை தூக்கலாய்த் தெரிந்ததென்று கசில்டா ஆரஞ்சுத் தோலைச் சேர்த்தாள். அதற்கு ஈடுகட்ட எலுமிச்சை. எலுமிச்சைக்கு ஈடுகட்ட மீண்டும் சர்க்கரை. எதுகைக்கு இசையாத சொல்லை மாற்றப்போய் பாட்டையே மாற்றிவிட்ட புலவன் கதையாய் ஆயிற்று. ஒன்பது நாள் ஜெபத்தை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே எவரிஸ்தோ கலக்கினார். எட்டாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் கால்சட்டையைத் தைத்துக்கொள்ளவும் ஒரு நிமிடம் ஒதுக்கினார்.

"நீ குடிச்சுப் பாரு. காய்ச்சுற கை…"

"தெரியும், தெரியும்." கசில்டா ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். கண்களை மூடினாள்.

"என்னடி?"

"என்னங்க, உங்களைக் கட்டிக்கிட்டது வீண் போகல" என்று மறுகரண்டி எடுத்தாள்.

எவரிஸ்தோவுக்கு உயிர் மீண்டது. ஒருவேளை, ஒருவேளை மாதா தம் பிள்ளையைக் கைவிடமாட்டாளோ?

நண்பகலில் சப்பரம் சதுக்கத்துக்கு இறங்கியது. தோள் கொடுத்த பன்னிரண்டு பேரின் கழுத்திலும் சிவப்புக் கோடுகள். ஆயினும் அவர்கள் முகத்தில் கடன் தீர்ந்தவர்களின் நிம்மதி. எவரிஸ்தோ கடைப் பலகைக்குப் பின்னே நின்றார். அருகில் கசில்டா. நான்கடி தள்ளி, வெள்ளைச் சட்டையும் எண்ணெய் மினுங்கும் தலையுமாய், கைகட்டி நின்று புன்னகைத்தார் பல்தொமேரோ.

ஊர் வரிசையாயிற்று. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் இடைவாரைத் தளர்த்தினார்கள். பெண்கள் கைக்குட்டையை ஆயத்தமாய் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தமக்கு எத்தனை டம்ளர் என்பது தெரிந்திருந்தது. ஆண்டுதோறும் இப்படித்தான், ஒருவர்க்கு ஒன்று, ஒருவர்க்கு நான்கு, அதற்கு மேல் கெஞ்சினாலும் வேண்டாம். தங்கள் அளவறிந்து உண்ணும் இந்த ஊராரின் ஒழுக்கத்தை எவரிஸ்தோ பலகாலும் வியந்ததுண்டு. தோன் மத்தியாஸ் வரிசையின் அருகில் நின்று, ஒவ்வொருவர்க்கும் சரியாக ஊற்றப்படுகிறதா என்று தாமே கண்காணிப்பார். மந்தையின் உடல்நலத்தில் இத்தனை அக்கறை கொண்ட மேய்ப்பர் வேறெங்கே கிடைப்பார்?

சபைத் தலைவர் தோன் கர்மேலோ முன்வந்தார். பத்திரம் எழுதும் பெரிய மனிதர். அகன்ற மார்பு, அதைவிட அகன்ற மீசை.

"எனக்கு மூணு" என்றார், தணிந்த குரலில்.

பின்னால் நின்ற அவர் மனைவியின் விசிறி நின்றது. "மூணா? போன வருஷம் ஒண்ணுதானே?"

"இந்த வருஷம் மூணு. விடேன் இப்ப."

"எதுக்கு மூணு?"

"தாகம்."

விசிறி மூடிக்கொண்ட ஓசை சதுக்கம் முழுதும் கேட்டது. கணவன் வயிற்றின்மேல் இவ்வளவு கரிசனம் கொண்ட மனைவியர் மொந்தராஸில் பலர் உண்டு. பக்கத்து ஆணுக்கு எத்தனை டம்ளர் என்று அவர்கள் விரல்விட்டு எண்ணுவதை எவரிஸ்தோ எல்லா ஆண்டும் கண்டிருக்கிறார்.

தோன் கர்மேலோ சிலுவை அடையாளமிட்டார். கண்களை மூடினார். மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காய் இறக்கினார். வழக்கம்போலவே சுவரைப் பிடிக்கக் கை நீண்டது.

நீண்ட கை பாதியில் நின்றது.

ஒரு கண் திறந்தது. பிறகு மற்றொன்று. அவர் டம்ளருக்குள் பார்த்தார். மூக்கை விட்டார். இரண்டாம் டம்ளரை வாங்கி மெல்ல, வாய்க்குள் சுழற்றிச் சுழற்றிக் குடித்தார். மூன்றாவதைக் குடித்து முடித்து மீசையின் இரு முனையையும் நாக்கால் துடைத்தார்.

எவரிஸ்தோவின் கண் அந்த டம்ளரின் மேலேயே இருந்தது. கவிழுமா?

"எவரிஸ்தோ" என்றார் தோன் கர்மேலோ கரகரத்த குரலில், "இன்னொண்ணு ஊத்து."

"உங்களுக்கு மூணுதானே!" என்று அலறினாள் மனைவி. "அந்த நாலாவது எவளுக்கு?"

அவர் குடித்தார். டம்ளரைக் கவிழ்க்காமல், நிமிர்த்தியே பலகையில் வைத்தார். வைத்துவிட்டுத் தோன் மத்தியாஸைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட பிள்ளை பார்ப்பதுபோன்ற பார்வை.

அதன்பின் வரிசை வரிசையாயில்லை. அடுத்தவர் குடித்தார்; சிரித்தார். அதற்கடுத்த விதவை குடித்து, கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஒன்றுக்கு வந்தவர் மூன்று கேட்டார். நான்குக்கு வந்த கசாப்புக்காரர் ஏழாவதில் பாடத் தொடங்கினார். யாரும் அழவில்லை. யாரும் சுவரைப் பிடிக்கவில்லை. நாற்பது ஆண்டில் ஒருமுறையும் தம் கடைமுன் காணாத சிரிப்பைக் கண்டு எவரிஸ்தோ அகப்பையைக் கீழே வைத்தார். கேலி செய்கிறார்கள், கண்டுகொண்டார்கள். எல்லாம் முடிந்தது.

பல்தொமேரோவின் புன்னகை இப்போது காதுவரை நீண்டிருந்தது. "என்ன தோன் கர்மேலோ, டம்ளர் இன்னும் கவிழலையே?" என்றார் இனிமையாக. "ருசி சரியில்லையோ?"

எவரிஸ்தோ பலகையைத் தாண்டி வெளியே வந்து சதுக்கத்தின் கல்தரையில் மண்டியிட்டார். தைத்த இடம் மீண்டும் கிழிந்தது, அவர் பொருட்படுத்தவில்லை.

"சாமி, ஐயா, எல்லாரும் என்னை மன்னிக்கணும். இது நான் காய்ச்சினதில்ல. நவநாள் காய்ச்சினது காலையில கொட்டிப்போச்சு. வேர் தோண்டப் போனேன், அதைத் தோரணம்னு பொய் சொன்னேன். இது புட்டிப் பாகு. சர்க்கரையும் பட்டையும் போட்டுக் கலக்கினது. ஒரு துளி தாத்தா மருந்து இதுல கிடையாது. உங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்."

"என்னாலதான்" என்று கசில்டாவும் பக்கத்தில் மண்டியிட்டாள். "கழுவு தண்ணின்னு நினைச்சு நான்தான் கொட்டினேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

"பாத்தீங்களா!" என்று பல்தொமேரோ இரண்டடி முன்வந்தார். "என் கடைச் சரக்கை வச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்தியிருக்காரு. இனிமே இந்த மூலைய…"

"நீ வாயை மூடு!"

தோன் மத்தியாஸின் குரல் அது. பெரிய வியாழன் பிரசங்கத்தில்கூட அந்தக் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. அவர் தாழியருகே வந்தார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். அந்த மெலிந்த முகத்தில் மாறி மாறித் தோன்றிய உணர்ச்சிகளைப் படிக்க ஊரார் எட்டிப் பார்த்தார்கள். அவர் அறியாமலே விரல் மீண்டும் தாழிக்குள் போயிற்று. பாதி வழியில் நினைவு வந்து கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டார்.

"தோன் கர்மேலோ, டம்ளரைக் கவுருங்க."

"சாமி, ஆனா இந்த நாலு டம்ளரும்…"

"கவுருங்கன்னேன்!"

டம்ளர் கவிழ்ந்தது. தலைவர் சொல்லவேண்டியதைச் சாமியாரே சொன்னார்.

"அடுத்த வருஷமும் எவரிஸ்தோவே. அதுக்கடுத்த வருஷமும் எவரிஸ்தோவே. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த மூலையில வேற ஆள் ஊத்தக் கூடாது. ஆனா ஒரு நிபந்தனை, எவரிஸ்தோ. பழைய மாதிரி காய்ச்சணும். அதே வேர், அதே மூணு தழை, அதே ஒன்பது நாள். ஒரு துளி மாறக் கூடாது. ஒரு மணி சர்க்கரை விழக் கூடாது. அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க முடியாது. நாளைக்கே வேர் தோண்டு. ஒன்பதாம் நாள் எல்லாரும் இங்க திரும்பி வரணும்."

ஊர் முனகியது. பல்தொமேரோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்கு நடந்தார்.

எவரிஸ்தோ எழுந்தார். அவர் கண்களிலிருந்து நீர் பெருகியது. மூன்று தலைமுறைத் தொண்டு வீண்போகவில்லை. சர்க்கரையாலும் பட்டையாலும் மயக்க முடியாத நாக்குகள் இந்த மலையில் இருக்கின்றன. ஒன்பதே நாளில் பழைய ருசி திரும்ப வேண்டுமென்று கோயிலே கட்டளையிடுகிறது. பாட்டனார் மோட்சத்திலிருந்து இதைக் கண்டுகொண்டிருப்பார்.

"பாத்தியா கசில்டா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எங்க தாத்தா மருந்து இல்லாம இந்த ஊரால இருக்க முடியாது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் மணியடிக்கும் சிரியாக்கோ முன்னே வந்தார். கையில் காலி டம்ளர், மேலுதட்டில் பாகு, முகத்தில் மெய்யான கவலை.

"சாமி, ஒரு சந்தேகம்" என்றார். "போன வாரம் பாவசங்கீர்த்தனத்துல என் பாவத்தையெல்லாம் கேட்டுட்டு நீங்க எனக்கு அபராதமா விதிச்ச ரெண்டு டம்ளரையும் குடிச்சிட்டேன், ஆனா அது இனிச்சுத் தொலைச்சிருச்சே, இப்ப என் பாவம் தீந்துதா, இல்ல ரெண்டு டம்ளர் கூடிருச்சா?"